நெப்ராஸ்காப் படங்களுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

ஒளிப்படக் கலைஞர் சாலமன் புட்சர் 1886 முதல் அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) எடுத்த குடியேறிகளின் படங்களுக்கும், தலைநகர் லிங்கனின் ஆரம்பகாலப் படங்களுக்கும் தமிழ்க் குறிப்புகள் எழுதி முடித்தாயிற்று. எங்கள் எழுத்தில் பாதி உங்களுடைய திருத்தம்தான்.

முதல் நன்றி, குடியேறிகளின் வீட்டை ‘மண் வீடு’ என்று நாங்கள் எழுதியதை அடித்துத் திருத்திய கொத்தனாருக்கு. அது குழைத்த மண்ணன்று. வேரோடு பெயர்த்த புல்தரை. மண்ணைக் கிளறாமல் நாடாவாகச் சீவும் தனி ஏரால் சுமார் ஓரடி அகலம், நான்கங்குலக் கனத்தில் அறுத்து, மூன்றடித் துண்டுகளாக்கி, புல் கீழே இருக்கும்படி அடுக்குவார்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை குறுக்கே வைக்காவிட்டால் சுவர் பிளந்துவிடும். சுவர் இரண்டடிக்கு மேல் தடிப்பு. அதனால்தான் படங்களில் சன்னல்கள் குகை போல உள்வாங்கியிருக்கின்றன. கூரைதான் பலவீனம். மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும்.

உடை நிறங்களை நீக்கச் சொன்ன ஒளிப்படக் கலைஞருக்கும் கடன்பட்டோம். படமெடுக்கப் பயன்பட்ட அக்காலக் கண்ணாடித் தட்டுகள் நீலத்தை வெளிறவும் சிவப்பைக் கறுக்கவும் செய்யும். ‘கறுப்புப் பாவாடை’ சிவப்பாகவும் இருந்திருக்கலாம். அந்தச் சொல் பதினோரு குறிப்புகளிலிருந்து போய்விட்டது.

லிங்கன் படங்களின் காலத்தைக் கணிக்க நீங்கள் காட்டிய வழி எளிது: சட்டமன்றக் கட்டடத்தைப் பார். லங்காஸ்டர் என்ற சிற்றூர் 1867இல் லிங்கன் என்ற தலைநகரானது. அடுத்த ஆண்டே எழுந்த முதல் கட்டடத்தின் உள்ளூர்க் கல் உதிரத் தொடங்கியது. இரண்டாவது 1888இல் முடிந்தது. இன்றுள்ள 400 அடிக் கோபுரக் கட்டடம் 1922 முதல் 1932 வரை எழுந்தது. பழையதைச் சுற்றிப் புதியதைக் கட்டிக்கொண்டே வந்து, பிறகு பழையதை இடித்தார்கள். ஆகவே இரண்டும் சேர்ந்து தெரியும் படம் 1920களுடையது.

1899இல் புட்சரின் வீடு எரிந்தபோது கண்ணாடித் தட்டுகள் தானியக் கொட்டிலில் இருந்ததால் தப்பின. அந்தக் கொட்டிலுக்கும் ஒரு கும்பிடு.

வீட்டிலிருந்த பழைய படத் தட்டுகளை நகலெடுக்கத் தந்த குடும்பங்களுக்குத் தனி நன்றி. மங்கலான பக்கத்தில்தான் படப்பூச்சு. அதில் நீர் பட்டால் பூச்சு உரியும். பூச்சுப் பக்கம் கேமராவை நோக்க எடுத்ததால் படம் இடவலம் மாறும், கணினியில் திருப்பியிருக்கிறோம். ஐயமென்றால் ஆண்களின் கோட்டைப் பாருங்கள்: அணிந்தவரின் இடப்பக்கத் துணி மேலே படிய வேண்டும். தட்டுகளைத் தனித்தனிக் காகித உறையிலிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். நீள விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் பாரம் தாங்காமல் அடித்தட்டில் விரிசல் விழும்.

நன்றியுடன்,
குறிப்பெழுதிய குழுவினர்