டைனோசர் நமக்குப் பங்காளி முறை

பள்ளி விழாக் குழுவிலுள்ள அண்ணமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

பள்ளிக்கூடத்து மேற்குச் சுவரில் நீங்கள் வரையச் சொன்ன படத்தைப் போன வாரம் பேரனோடு போய்ப் பார்த்தேன். பெயிண்ட் அருமை. வெளியூரிலிருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகளின் காசு வீணாகவில்லை. ஆனால் முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவளுக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்பு மையைத் தேடுகிறது.

சுவரில் மீன், தவளை, பல்லி, டைனோசர், எலி, குரங்கு, மனிதன் என்று ஒரே வரிசை. பேரன் அதை அப்படியே படித்துவிட்டு, "அப்பத்தா, அப்ப டைனோசர் நமக்கு ஐயா முறையா?" என்றான்.

தாத்தா இல்லை, பங்காளி முறை.

கல்யாணமான மகனை நாம் வேறு வைக்கிறோம் இல்லையா? அதே முகப்பு, அதே வளவு. அடுப்பு மட்டும் தனி. ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன், தண்ணீருக்கு வெளியே முட்டையிடப் பழகிய ஒரு குலத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு கிளையில் பல்லி, பாம்பு, ஆமை, முதலை, டைனோசர். இன்னொன்று சினாப்சிட் என்னும் கிளை; எலி, குரங்கு, நாம் எல்லாம் அதில் வந்தவர்கள். ஆக, பல்லியும் நமக்குப் பாட்டன் இல்லை. நான் படித்த காலத்தில் புத்தகமே நம் முன்னோரைப் 'பாலூட்டி போன்ற ஊர்வன' என்றது. நானும் பல வருஷம் அப்படியேதான் நடத்தினேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

வாசலில் முதுகில் கப்பல் பாய் போல விரித்தபடி நிற்கும் சிமெண்ட் பொம்மைக்கு வருகிறேன். 'டைனோசர்' என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். அது டைமெட்ரோடான். முதல் டைனோசர் தலைகாட்டுவதற்குச் சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனது. கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரே துளை; அது நம் கிளையின் அடையாளம். டைனோசருக்கு இரண்டு. இளையாத்தங்குடிக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தை மாத்தூர்க் கோயில் கணக்கில் எழுதினால் சும்மா விடுவோமா?

எலியின் இடமும் தப்பு. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த பேரழிவில் நம் கிளை கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. தப்பியவற்றில் ஒன்று லிஸ்ட்ரோசாரஸ். அதன் எலும்புகள் வங்காளத்து ராணிகஞ்ச் பக்கம் கிடைத்திருக்கின்றன. பிறகுதான் டைனோசர்கள் ஓங்கின. மார்கனுகோடான் போன்ற, நம் கிளையைச் சேர்ந்த எலியளவுப் பிராணிகள் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவற்றின் காலடியில் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே எலியை டைனோசருக்குப் பின்னால் வரையாதீர்கள், பக்கத்தில் வரையுங்கள். எல்லாம் பயந்து பதுங்கியவையும் அல்ல. சீனாவில் கிடைத்த ரெபினோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றுப் பகுதியில் ஒரு குட்டி டைனோசரின் எலும்புகள் இருந்ததை 2005இல் அறிவித்தார்கள். அதை வரைந்தால் பையன்கள் சுவரை விட்டு நகர மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது காதுதான். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் தெருவில், இடித்த வீட்டுத் தூணையும் நிலையையும் வாங்கிப்போய் வேறு வீட்டில் வேறு வேலைக்கு வைக்கிறார்களே, நம் காதும் அப்படிக் கட்டியதுதான். சுத்தி, பட்டடை என்று நாம் பாடத்தில் படித்த இரண்டு எலும்புகளும் நம் முன்னோருக்குத் தாடை மூட்டாக இருந்தவை. கருவின் வளர்ச்சியைப் பார்த்தே ரைகர்ட் என்ற ஜெர்மானியர் 1837இல் இதைச் சொல்லிவிட்டார். டார்வின் புத்தகம் வர அப்போது இன்னும் 22 வருஷம் இருந்தது. கடிக்க உதவியதை வைத்துத்தான் இப்போது மேளச் சத்தம் கேட்கிறோம்.

'டைனோசர் அழிந்துவிட்டது' என்று கடைசியில் எழுதியிருப்பதையும் மாற்றுங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது பெரியதும் சிறியதுமாக மற்றவை போயின. பறவைகள் மிஞ்சின, அவையும் டைனோசர்களே. முதலைக்குப் பல்லியைவிடச் சேவல்தான் கிட்டத்துச் சொந்தம். குன்றக்குடி மலையில் தோகை விரிக்கும் மயிலை அந்தக் கிளையின் நுனியில் வரைந்தால் போதும், விளக்கமே வேண்டாம்.

கேட்பது இவ்வளவுதான்: வரிசையை அழித்துவிட்டுக் கிளை விட்ட மரமாக்குங்கள், வாசல் பலகையை மாற்றுங்கள். ஓவியர் கூலி என் பொறுப்பு. சாரத்தை வெள்ளிக்கிழமை பிரிக்கப் போவதாகக் கேள்வி. அதற்கு முன் ஆள் அனுப்புங்கள், வரைந்து வைத்த தாளோடு வருகிறேன்.

உங்களில் பாதிப் பேருக்குப் பாடம் நடத்திய,
ஓய்வுபெற்ற ஆசிரியை