தீபாவளிக்கு டிவி வாங்க வருகிறவர்களுக்கு: காம்பிராவை அளந்துகொண்டு வாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும் காலம். ஹட்டனில் எங்கள் கடைப்படி ஏறுகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது, "அண்ணே, இருக்கிறதுலயே பெரிய டிவி என்ன வெல?" என்றுதான். நாங்கள் விலையைச் சொல்லாமல், "காம்பிரா எத்தன அடி?" என்று, டிவி வைக்கப்போகும் அறையின் அளவைத் திருப்பிக் கேட்கிறோம். சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. வாங்க வசதியில்லை என்று நாங்கள் நினைத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. கேட்காமல் விற்று ஒருமுறை நன்றாகப் பட்டிருக்கிறோம்.

போன வருசம் ஒரு தோட்டத்து மேல் டிவிஷனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீடு ஒன்றுக்கு 55 அங்குல டிவி கொடுத்தோம். ஆட்டோவில் பெட்டி நிற்கவில்லை. சின்ன லொறி பிடித்துப் போனோம். ரோட்டிலிருந்து லயத்துக்கு நாற்பது படி இறக்கம், மழைச் சகதி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இறக்கினோம். இஸ்தோப்பு என்கிற முன் விறாந்தையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் வைக்கப் பார்த்தால், டிவியின் இரண்டு கால்களும் இரண்டு கோடியில் இருக்கின்றன, மேசையோ மூன்று அடி. மேசைமேல் ஒரு பலகையைப் போட்டு நிறுத்தினோம். அதற்குப் பிறகு அலுமாரிக் கதவு பாதிதான் திறந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். பாட்டி மட்டும் பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மூஞ்சியெல்லாம் கலங்கிப்போய்த் தெரியுதே" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்தது. அதைக் கடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். பத்தாம் நாள் அதை எடுத்துக்கொண்டு 43 கொடுத்தோம். லொறிக்கூலி எங்கள் தலையில்.

முதலில் அந்த அங்குலக் கணக்கு. 32, 43 என்பதெல்லாம் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே பிடிக்கும் அளவு, அகலமில்லை. 32 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 28 அங்குல அகலம், 16 அங்குல உயரம். 43 என்றால் முப்பத்தேழரைக்கு 21. 55 என்றால் 48க்கு 27, அதாவது நாலு அடி அகலம். பழைய பெட்டி டிவியைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய 21 அங்குலம் கிட்டத்தட்டச் சதுரமாக இருந்ததால் உயரம் கூடியது. அதற்குப் பதிலாக 24 வாங்கினால் படம் அகலும், ஆனால் ஆட்கள் குள்ளமாகிவிடுவார்கள். 32க்குப் போனால்தான் பழையதைவிடப் பெரிதாகத் தெரியும்.

இப்போது காம்பிரா. பழைய லயக் காம்பிரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. டிவி மேசைக்கு ஒன்றேகால் அடி போகும். எதிர்ச் சுவரோரம் நாலு அடிக் கட்டில். அதன் விளிம்பில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் இடையில் ஏழு அடிகூட மிச்சமில்லை. பத்தடிப் பக்கமாக வைத்திருந்தால் அஞ்சு அடிக்கும் குறைவு. பிள்ளைகள் கட்டிலிலா உட்காரப்போகிறார்கள்? தரையில் நகர்ந்து நகர்ந்து மூன்று அடிக்கு வந்துவிடுவார்கள்.

தூரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, வீட்டுக்குப் படம் எப்படி வருகிறது என்பது. பாட்டிக்கு முகம் கலங்கித் தெரிந்தது அதனால்தான். அன்டெனாவில் வரும் படம் 576 கோடுகளால் ஆனது. 1982இல் அரச டிவியான ரூபவாஹினி தொடங்கிய காலத்து அளவு அது. திரை பெரிதானால் கோடு கூடுவதில்லை, அதே கோடுகள் இழுபடுகின்றன, அவ்வளவுதான். அன்டெனாப் படம் கண்ணுக்குத் தெளிவாக இருக்க, திரை உயரத்தைப்போல் ஆறு மடங்கு தள்ளி உட்கார வேண்டும். 32க்கு எட்டு அடி. 43க்குப் பத்தரை அடி. 55க்குப் பதின்மூன்றரை அடி; அதற்குச் சுவரை இடித்துப் பக்கத்து வீட்டில் போய் உட்கார வேண்டும். நம் பக்கம் இன்னொரு தொல்லை. பீதுருதாலகாலை மலை 2,524 மீற்றர் உயரத்தில் ஒலிபரப்புக் கோபுரத்தோடு நிற்கிறது. ஆனாலும் நடுவில் ஒரு மலைமுகடு மறைத்தால் பள்ளத்து லயத்துக்குப் புள்ளிபுள்ளியாகத்தான் படம் வரும். பெரிய திரை அந்தப் புள்ளியையும் பெரிதாக்கிக் காட்டும். டிஷ் போட்டிருந்தாலும், கோடு கூடிய தெளிவான படம் தரும் எச்டி பெக்கேஜ் இல்லையென்றால் பெரும்பாலும் இதே கதைதான்.

ஆகவே அன்டெனா மட்டும் உள்ள லயக் காம்பிராவுக்கு நாங்கள் 32தான் தருவோம். எட்டு அடி முழுசாகக் கிடைக்காவிட்டாலும், இந்த மூன்றில் கலக்கம் குறைவாகத் தெரிவது அதில்தான். எச்டி டிஷ் உண்டு, அல்லது பிள்ளைகள் யூடியூப்பில் பாடம் பார்க்கிறார்கள், உட்காரும் தூரமும் ஆறு ஏழு அடி உண்டு என்றால் 43 நன்றாக இருக்கும். அதற்கு மேல் லயத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஏழு பேர்ச் காணியில் கட்டிய புது வீடுகளின் ஹோலுக்கு 55 கேட்பவர்கள், கதிரை போடும் இடத்திலிருந்து ஏழரை அடி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஃபுல் எச்டியைவிடக் கூடிய தெளிவுள்ள ஃபோர்கே பற்றியும் கேட்கிறீர்கள். 43 அங்குலத்தில் ஆறு அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் ஃபோர்கேக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். விலை ஒன்றாக இருந்தால் எடுங்கள், அதற்காகக் கூடுதலாக ஒரு தவணை கட்ட வேண்டாம்.

சுவரில் மாட்டித் தரச் சொல்கிறவர்களுக்கு: பழைய லயச் சுவர் பல இடங்களில் கல்லும் மண்ணும். துளை போட்டால் மண் கொட்டும், ஆணி பிடிக்காது. 32 நாலைந்து கிலோ, 43 ஏழெட்டுக் கிலோ. நல்ல கல் அகப்பட்டால் தாங்கும். இல்லாவிட்டால் மேசைதான். மாட்டினாலும் சாமிப் படத்துக்குச் சமமாக உயரத்தில் மாட்டச் சொல்லாதீர்கள். கொழுந்துக்கூடை சுமந்துவிட்டு வந்த கழுத்து, ராத்திரியிலாவது அண்ணாந்து பார்க்காமல் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்குத் திரையின் நடு இரண்டரை அடி உயரத்தில் இருந்தால் போதும்.

கரண்ட் பில்லையும் யோசியுங்கள். மாடலுக்கு மாடல் மாறும், ஆனாலும் 32 ஏறக்குறைய 40 வாட், 43 ஃபோர்கே 80, 55 என்றால் 120 என்று வையுங்கள். தினம் அஞ்சு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 6, 12, 18 யூனிட். 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது. அந்தக் கோட்டைத் தாண்டினால் பில் வேறு கணக்குக்குப் போய்விடும்.

கொண்டுபோகும்போது பெட்டியை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், படுக்கப்போடக் கூடாது. மழைக் குளிரில் வந்த டிவியை வீட்டுக்குள் வைத்து இரண்டு மணித்தியாலமாவது விட்டுவிட்டுப் போடுங்கள். உள்ளே ஈரம் பூத்திருக்கும். விறகடுப்புக்கு எதிரே வைக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு பிளக்கையும் கழற்ற வேண்டும், அன்டெனா வயரையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களின் டிவி இரண்டு இப்போதும் எங்கள் மேசையில் கிடக்கின்றன.

வாங்குமுன் மூன்று அளவு கொண்டுவாருங்கள்: உட்காரும் இடத்திலிருந்து டிவி வைக்கும் இடம்வரை, மேசையின் நீளம், வாசலின் அகலம். நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரிதான். காலிப் பெட்டிகளை வெட்டி 32, 43, 55 அளவில் அட்டை செய்து வைத்திருக்கிறோம். காசு வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துவைத்து, ஒரு ராத்திரி கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

சம்பள ஞாயிறு கடையில் நிற்க இடமிருக்காது. ஆறுதலாகப் பேச வேண்டுமென்றால் கிழமை நாளில் மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள். நோர்வூட் பக்கம் 43 அட்டையைக் கொண்டுபோனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. இதைப் படித்தால் வரும்போது கையோடு எடுத்துவாருங்கள். இங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஹட்டன் டிவி கடையார்