அந்த அட்டைகளை அனுப்பப் போவதில்லை

அன்புள்ள தங்கச்சி,

உன் மகனுக்கு நிறங்களின் பெயர் சொல்லிக்கொடுக்க நீ கேட்ட வண்ண அட்டைகளை அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காசுக்காக இல்லை. ஊரறிய எழுதுகிறேனே என்று கோபப்படாதே. போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே பாதியில் வைத்துவிடுகிறாய்.

அவன் பிறந்தநாள் அன்று நடந்தது மனசை விட்டுப் போகவில்லை. கேக் வெட்டிய கையோடு அவனைச் சுவர் சார்ட் முன்னால் நிறுத்தி, "இது என்ன கலர்? இது?" என்று கேட்டாய். தக்காளிக்கு நீலம் என்றான். வாழைப்பழத்துக்கும் நீலம். இலைக்கும் நீலம். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அப்போது சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அவர்களும் படிப்பார்கள். ஆனால் நீ ஏன் பேசாமல் நின்றாய்?

அவன் சொன்னதில் பாதி சரி. கலர் என்ன என்றதும் "பழம்" என்றோ "மூணு" என்றோ சொல்லவில்லையே! நிறத்தைக் கேட்டால் நிறத்தின் பெயர்தான் பதில் என்பது பிடிபட்டுவிட்டது. எந்தப் பெயர் எதற்கு என்பதுதான் பாக்கி. மூன்று வயதில் இது சாதாரணம். நாலு மாதக் குழந்தையின் கண்ணே சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும். சொல் வந்து ஒட்டத்தான் வருஷங்கள் ஆகும். பந்தைக் கையில் கொடுத்துப் பந்து என்று சொல்லிவிடலாம். சிவப்பைத் தனியாக எடுத்துக் கொடுக்க முடியாது, அது எதன் மேலாவதுதான் இருக்கும்.

அட்டை உதவாமல் போவது இதனால்தான். மஞ்சள் என்றால் எப்போதும் அதே வாழைப்பழம் என்றிருந்தால், அந்தப் படத்தின் பெயரே மஞ்சள் என்று எடுத்துக்கொள்வான்.

துணி காயப்போடும் கிளிப் போதும். அளவும் வடிவமும் ஒன்றாக இருக்கட்டும். சிவப்பில் நாலு, மஞ்சளில் நாலு. முதலில் இந்த இரண்டு நிறம் மட்டும். "இந்தக் கிளிப் பாரு, சிவப்பா இருக்கு. இந்தக் கிளிப் மஞ்சளா இருக்கு." பொருள் முன்னால், நிறம் பின்னால். "சிவப்பு கிளிப்" என்று ஆரம்பித்தால், எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியும் முன்பே நிறத்தின் பெயர் காதைக் கடந்துவிடும். ஆங்கிலம் பேசும் சின்னப் பிள்ளைகளிடம் ராம்ஸ்கர் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் சோதித்து 2010இல் எழுதியதும் இதுதான்: நிறம் கடைசியில் வரும் வாக்கியங்களைக் கேட்டவர்கள்தான் முன்னேறினார்கள்.

கொஞ்ச நாள் ஒரே நிறக் கிளிப்புகளை ஜோடி சேர்க்கட்டும். பிறகு "மஞ்சள் கிளிப் எடுத்துக் குடு" என்று கேள். வாயால் சொல்ல வைப்பது கடைசி. நீ அதைத்தான் முதலில் கேட்டாய், அதுவும் இருபது பேர் முன்னால். மாற்றி எடுத்தால் "தப்பு" வேண்டாம். "இது மஞ்சளா இருக்கு, சிவப்பு இதோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். கிளிப்பில் தேறினால் சிவப்பு வாளி, சிவப்பு மூடி, சிவப்புத் துண்டு. அதற்கப்புறம்தான் மூன்றாவது நிறம். ரோஸ், ஆரஞ்சு, மெரூன் எல்லாம் காத்திருக்கட்டும். மங்கின பல்பு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் நமக்கே குழம்பும், ஆகவே பகலில் செய். நீ சிவப்பு என்கிறாய், மாப்பிள்ளை ரெட் என்கிறார், அவன் பாட்டி நீலத்தையும் ஊதா என்கிறார். கொஞ்ச காலம் வீட்டில் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பாய். போனை அவன் கையில் திணித்துவிட்டுத் துணி மடிக்கிறாயே, அந்த நேரம்தான். சுருக்கென்று வந்துவிட்டது, மன்னித்துக்கொள். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி பத்து மணிக்குத் துணி மடிக்கிறவளை இப்படிச் சொல்லக் கூடாது. ஆனாலும் அழிக்க மாட்டேன். அந்த ஒருவர் வாயை அடைக்கத்தானே உனக்கு அட்டை வேண்டும்?

நாலு வயதுக்கு மேலும், பெயர் சொல்வதில் மட்டுமல்ல, ஜோடி சேர்ப்பதிலேயே சிவப்பையும் பச்சையையும், பச்சையையும் பழுப்பையும் கலந்தால் கண் மருத்துவரிடம் காட்டு. பிறவி நிறக்குறை ஆண் பிள்ளைகளுக்கே அதிகம், பெரும்பாலும் தாய்வழி வரும். அதைச் சோதிக்க மருத்துவர் காட்டும் வண்ணப் புள்ளிப் படங்கள் உள்ள இஷிஹாரா புத்தகத்தில் எண் படிக்கத் தெரியாதவர்கள் விரலால் கோட்டைத் தொடரும் பக்கங்களும் உண்டு, பயப்படாமல் செய்துவிடுவான். இதையும் இப்போதே மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைக்காதே.

தீபாவளிக்கு வரும்போது யாரும் அவனை நிறுத்திக் கலர் கேட்கக் கூடாது என்று நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. நான் சொன்னால் வம்பாகிவிடும்.

உன் அக்கா