பாறைக்கு இறங்க வேண்டாம்: நம் பறவைப் படமெடுக்கும் குழுவின் அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். நியூஜெர்சியில் பார்னகட் கலங்கரை விளக்கத்தடியில் போன சனிக்கிழமை நடந்ததை நீங்கள் எல்லோரும் நேரில் பார்த்தீர்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துவிட்டன, பாராட்டுகளும் வந்துவிட்டன. அந்தப் படங்கள் எப்படிக் கிடைத்தன என்று மட்டும் யாரும் பேசவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். வாத்துகள் ஏறி உட்கார்ந்திருக்கும் பாறைகளை நோக்கி நம் ஆட்கள் இறங்கக் கூடாது. அவற்றைப் பறக்க வைக்க எதுவும் செய்யக் கூடாது. இதை விதியாக எழுதி, ஒவ்வொரு பயண அறிவிப்பிலும் சேர்த்துவிடுங்கள்.

அன்று வடகிழக்குக் காற்று பலமாக அடித்தது. அலைதடுப்புப் பாறைகளில் மோதிய அலை ஆளுயரத்துக்கு எழுந்து உடைந்தது. ஹார்லெக்வின் என்ற சிறு கடல்வாத்துகளுக்கு அதுதான் இடம். மற்ற பல வாத்துகள் அமைதியான நீரைத் தேடும்போது இவை நுரைக்குள்ளேயே இரை தேடும். அலை உடையும் நொடிக்கு முன்னால் மூழ்கி, அது தாண்டிப் போனதும் பின்னால் மேலே வரும். அப்படி நெடுநேரம் இரை தேடிவிட்டு ஒரு சிறு கூட்டம் கீழ்ப்பாறையில் ஏறி நின்றது. இரண்டு மூன்று வாத்துகள் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டன.

அப்போதுதான் நம் ஆட்கள் சிமெண்ட் நடைபாதையை விட்டு, பாசி படிந்த கற்களில் முக்காலியோடு இறங்கினார்கள். முதலில் ஒரு வாத்து தலையைத் தூக்கியது. அப்புறம் எல்லாமே தூக்கின. மெல்ல விளிம்புப் பக்கம் நகர்ந்தன. 'போதும், நில்லுங்கள்' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். யாரும் சொல்லவில்லை. பறக்கிற படம் வேண்டும் என்று ஒருவர் சின்னக் கல்லை எடுத்து வீசினார். கூட்டம் மொத்தமும் நீரில் விழுந்தது. கடைசியாகக் குதித்த பழுப்பு நிறப் பெட்டையின் மேல் அலை நேராக உடைந்தது. அந்தப் படம்தான் இந்த வாரத்தின் சிறந்த படம் என்று குழுவில் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஓய்வு அவற்றுக்கு எவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் யோசியுங்கள். அரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள பறவை. உறையும் குளிரில் பாறையோடு ஒட்டிய நத்தைகளையும் சிறு நண்டுகளையும் கொத்தி எடுத்துத்தான் உடம்புச் சூட்டைக் காக்க வேண்டும். கண்ணால் பார்த்து இரை தேடுகிற பறவை என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தின்றாக வேண்டும். டிசம்பர் நடுவில் இந்தக் கரையில் பகல் ஒன்பதரை மணி நேரம்கூட இல்லை. அருங்காட்சியகங்களில் உள்ள ஹார்லெக்வின் உடல்களை ஆராய்ந்தபோது முறிந்து கூடிய எலும்புகள் பலவற்றில் தெரிந்தன. அலையும் பாறையும் மோதுகிற இடத்தில் பிழைப்பதற்கு அவை கொடுக்கும் விலை அது. இத்தனைக்கும் நடுவில் பாறைமேல் கிடைப்பது கொஞ்ச நேரம். அதையும் நாம் பிடுங்கினோம், ஒரு படத்துக்காக.

கனடாவில் இந்தக் கிழக்குக் கரை ஹார்லெக்வின்களை 1990இல் அழியும் நிலையில் உள்ளவை என்று அறிவித்தார்கள். வேட்டை நிறுத்தப்பட்டு எண்ணிக்கை மெல்லத் தேறிய பிறகுதான், 2001இல், கவனம் தேவைப்படுபவை என்ற நிலைக்கு மாற்றினார்கள். துப்பாக்கியைக் கீழே வைத்ததால் பிழைத்த பறவைகள் இவை. குளிர்காலத்தைக் கழித்த கரைக்கே ஆண்டுதோறும் திரும்பி வருகிற பழக்கமும் இவற்றுக்கு உண்டு. நாம் விரட்டியவற்றில் பல, நாம் போன ஆண்டு படம் எடுத்த அதே பறவைகளாக இருக்கலாம்.

விரட்டாமல் படம் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அலைதடுப்பை ஒட்டிய மணலில் தாழ்ந்து உட்கார்ந்து, அசையாமல் இருந்தால் வாத்துகள் இரை தேடிக்கொண்டே தாமாகக் கிட்டே வரும். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் சற்று அடங்கும். அந்த இடைவெளியில் போகஸைப் பிடித்துவைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்காமல், அடுத்த அலை வாத்தைத் தூக்கும் வரை காத்திருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நீங்கள்தான். அதனால்தான் சனிக்கிழமை உங்கள் மௌனம் எனக்கு அவ்வளவு வலித்தது.

இது இந்தப் பாறையோடு நிற்கிற வியாதியும் இல்லை. பனி ஆந்தை வந்தால் கயிறு கட்டிய மணல்மேட்டுக்குள் நுழைகிறார்கள். கூடு இருக்கிற இடத்தை வரைபடத்தோடு பகிர்கிறார்கள். பட்டறையில் லென்ஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம், பறவையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில்லை. ஒரு படத்துக்கு ஆயிரம் விருப்பக்குறி விழுந்துவிட்டால் அது எடுக்கப்பட்ட விதத்தை யாரும் கேட்பதில்லை. கேட்கிறவரைப் பொறாமைக்காரர் என்கிறார்கள். புதிதாகக் கேமரா வாங்கி வருகிற பிள்ளைகள் நம்மைப் பார்த்து இதைத்தான் கற்கிறார்கள் என்று நினைத்தாலே ஆத்திரம் வருகிறது.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பறவையை விடுங்கள், மனிதர்களுக்காகவாவது யோசியுங்கள். சனிக்கிழமை இறங்கியவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து முழங்காலில் காயத்தோடு வந்தார். இன்னும் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த நீரில் அவரை எப்படி எடுத்திருப்போம்?

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். பாறைக்கு இறங்கக் கூடாது. கல்லெறிவது, கைதட்டுவது, விரட்டுவது எதுவும் கூடாது. வாத்து தலையைத் தூக்கினால் நாம் நிற்க வேண்டும். விளிம்புக்கு நகர்ந்தால் பின்வாங்க வேண்டும். மீறி எடுத்த படத்தைக் குழுவில் போடவும் பாராட்டவும் கூடாது. சனிக்கிழமை படத்துக்குத் தந்த அறிவிப்பையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

அடுத்த பயண அறிவிப்பு இந்த வாரம் வரும் என்றீர்கள். விதிகளை எழுதித் தருவது என்றாலும், புதியவர்களோடு மணலில் உட்கார்ந்து காத்திருப்பது என்றாலும் நான் தயார். அறிவிப்பு போவதற்கு முன் உங்கள் பதில் வேண்டும்.

அன்புடன்,
குழுவின் பழைய உறுப்பினர் ஒருவர்