பழைய கார்தான் கெட்டியா?

ஆசிரியருக்கு வணக்கம். பழைய கார்னா இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகர டப்பான்னு நிறைய பேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க. 2009ல அமெரிக்காவுல 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் அதே கம்பெனியோட 2009 மாடல் மாலிபு காரையும் 64 கிலோமீட்டர் வேகத்துல எதிரெதிரா மோதவிட்டு டெஸ்ட் பண்ணாங்க, பழைய வண்டியில டிரைவர் உக்கார்ற இடமே நசுங்கிப் போச்சு, புதுசுல மூஞ்சி மட்டும் அப்பளமா நொறுங்கி கேபின் அப்படியே நின்னுச்சு. நொறுங்கணும்னுதான் அப்படி டிசைனே பண்றாங்க, மோதற வேகத்த முன்பக்கமே வாங்கிக்கும்.

காலையில பழைய கார்ல சோக்க (குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ண இழுக்கற குமிழ்) பாதி இழுத்துப் பிடிச்சு, இன்ஜின் சூடாகி சத்தம் சீராகற வரைக்கும் காத்திருக்கற சுகம் எனக்கும் உசுருதாங்க. ஆனா குழந்தைங்கள ஏத்திட்டு ஹைவேல போகணும்னா ஏர்பேக் உள்ள வண்டியிலயே போங்க.