ஏழு அட்டையும் ஒரு குறளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுள் கற்பிப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மாணவரைப் பிரித்து, ஒரு குழுவுக்குப் படம், ஒரு குழுவுக்கு ஒலிப்பதிவு, ஒரு குழுவுக்கு நடிப்பு கொடுக்கலாம் என்கிறது கட்டுரை. நோக்கம் நல்லது, வழிதான் சரியில்லை. அவரவர் பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே ஹரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளரும் ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். செய்யுளுக்கோ இந்தப் பிரிவினை கொஞ்சமும் பொருந்தாது. ஓசையைக் காதில் வாங்காமல் படம் மட்டும் வரைந்த பிள்ளை குறளைப் படிக்கவே இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வழியும் வேண்டும்.

‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்பதையே எடுத்துக்கொள்வோம். முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். சீருக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொல்ல வேண்டும்: முதல் அடிக்கு நான்கு, இரண்டாம் அடிக்கு மூன்று. எட்டாவது தட்டில் கை தட்டும், வாய் மூடியிருக்கும். அந்த மௌனம் பிடிபட்டால்தான் குறளின் நடை பிடிபடும். மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்து, ஒரு ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஏழு சீருக்கு ஏழு அட்டை, மிச்சம் ஒன்று அதிகாரத் தலைப்புக்கு. இருவருக்கு ஒரு கட்டு போதும். நான்கும் மூன்றுமாக அடுக்கிவிட்டு, அடிகளின் முதல் சீரில் இரண்டாம் எழுத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். கற்க, நிற்க என்று ‘ற்’ இரண்டும் நேருக்கு நேர் நிற்கும். இதுதான் எதுகை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகள் மலாய்ப் பாடத்தில் பந்துன் என்னும் மரபுக் கவிதை படித்துப் பழகியவர்கள். பந்துனில் ஓசை ஒன்றுவது அடியின் கடைசியில். அந்தப் பழக்கத்தில் குறளிலும் கடைசிச் சீரைப் பார்ப்பார்கள். ‘கற்றபின்’, ‘தக’ இரண்டும் ஒத்துவராது. எதுகையே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அது கவனக்குறைவு அன்று, காது வேறு இடத்தில் காத்திருக்கிறது. அட்டையை இடப்பக்கம் ஒட்ட அடுக்கினால் பார்வை தானாக அடியின் தலைக்கு வரும்.

பிறகு அதே அட்டைகளை, நான்கும் மூன்றுமாகவே, பேச்சு வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள்: ‘கற்பவை கசடறக் கற்க கற்றபின் / அதற்குத் தக நிற்க’. பொருள் பாதி அங்கேயே வந்துவிடும். இப்போது எதுகை எங்கே என்று கேளுங்கள். அடியின் தலையை விட்டுப் போயிருக்கும். புலவர் ஏன் ‘கற்க’, ‘நிற்க’ இரண்டையும் முன்னே கொண்டுவந்தார் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை கையால் நகர்த்தியே கண்டுகொள்ளும். எந்த விளக்கவுரையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

எழுதும்போது இரண்டு பிழை வரும். ‘கசடற கற்பவை’ என்று ‘க்’ என்னும் ஒற்றெழுத்தை விடுவார்கள். ‘கற்றப்பின்’ என்று இல்லாத ஒற்றெழுத்தைச் சேர்ப்பார்கள். ‘அற’ வினையெச்சம், வல்லினம் மிகும். ‘கற்ற’ பெயரெச்சம், மிகாது. அட்டையில் ஒற்றெழுத்தை மட்டும் சிவப்பில் எழுதினால் பெரும்பாலும் போதும்.

மதிப்பீட்டில்தான் அநியாயம் அதிகம். பயிற்சி நூலில் அச்சிட்ட பொருளில் ஒரு சொல் மாறினாலும் புள்ளி குறைப்பது மனப்பாடத்தை அளக்கிறது, புரிதலை அன்று. ‘பொருளைச் சொந்தமாகச் சொல், அது எந்தச் சொல்லில் இருக்கிறது, காட்டு, பள்ளியில் இது பொருந்தும் ஒரு சூழலைச் சொல்’ என்று கேள்வி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். பதில் தரும் முறையை மட்டும் பிள்ளை தேர்ந்துகொள்ளட்டும்: எழுதலாம், பேசலாம், படம் வரைந்து விளக்கலாம், நடித்துக் காட்டலாம். படத்தின் அழகுக்குப் புள்ளி கொடுத்தால் மதிப்பீடு ஓவியப் பாடமாகிவிடும். குழு நடிப்புக்கு ஒரே புள்ளி கொடுத்தால் ஒன்றும் புரியாத பிள்ளை பின்னால் ஒளிந்துகொள்ளும்; நடித்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும் ‘எந்தச் சொல்?’ என்று தனியே கேட்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் முப்பது பேருக்குத் தொண்ணூறு நிமிடம், அதாவது அரைமணி நேரப் பாடவேளை மூன்று. ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. பிபிடி (PBD) எனப்படும், ஆசிரியரே வகுப்பில் நடத்தும் வகுப்பறை மதிப்பீடு அதற்கு இடம் தருகிறது.

உண்மையான வேறுபாடுகளைப் பாணி என்ற பெயரில் மறைக்கவும் கூடாது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமம் உள்ள பிள்ளைக்குக் கேள்வியை வாசித்துக் காட்டுங்கள், புரிதலுக்கான புள்ளியில் எழுத்துப்பிழையைக் கழிக்காதீர்கள். திக்கிப் பேசும் பிள்ளையை வகுப்பின் முன் தனியே நிறுத்தாதீர்கள். கூட்டாகத் தாளத்தோடு சொல்லும்போது திக்கல் பெரும்பாலும் குறையும்.

பயிற்சி நூல் வெளியிடுவோரிடம் ஒரு வேண்டுகோள். ‘பொருள்’ கட்டத்தை அச்சிட்ட விளக்கத்தால் நிரப்பாமல், அதன் கீழ் மூன்று வெற்று வரியாவது விடுங்கள். பிள்ளை தன் சொல்லில் எழுத இப்போது இடமே இல்லை.

அன்புடன்,
தமிழாசிரியர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு