மூன்று பில் கட்டியும் தீராத இஞ்சின் தயக்கம்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025.10.14

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: ரொயோட்டா அக்ஸியோ (என்.இசட்.ஈ 141, 2008) காரில் ஜூலை 12, ஓகஸ்ட் 2, செப்டெம்பர் 6 ஆகிய திகதிகளில் உங்கள் நிலையத்தில் செய்யப்பட்ட வேலைகள்

ஐயா / அம்மணி,

மூன்று சனிக்கிழமைகள் உங்கள் வாசலில் வந்து நின்று மொத்தம் 176,000 ரூபா கட்டியிருக்கிறேன். கார் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் அதைச் சரியாக்கியது நீங்கள் மாற்றிய சாமான்களில் ஒன்றுமில்லை. பஞ்சிகாவத்தையில் 2,800 ரூபாவுக்கு வாங்கிய ஒரு சாண் நீள றப்பர் ஹோஸ். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் இருப்பதால் எனக்கு வசதியான மொழியிலேயே எழுதுகிறேன்.

முதல் நாள் நான் சொன்னதை அப்படியே திரும்ப எழுதுகிறேன், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது. கலர் லைட்டில் நின்றுவிட்டு அக்சிலேட்டரை மிதித்தால் கார் ஒரு கணம் யோசிக்கிறது, அப்புறம்தான் உதறிக்கொண்டு எடுக்கிறது. ஏசி போட்டால் மோசம். நின்ற இடத்தில் இஞ்சின் லேசாக நடுங்குகிறது. ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் குறையே இல்லை. இவ்வளவையும் வரவேற்பில் இருந்த தம்பி தலையாட்டிக் கேட்டார். மரியாதையான பிள்ளை, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜொப் கார்டில் அவர் எழுதியது இரண்டே சொல்: "பிக்அப் குறைவு". அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டுதான் உங்கள் ஆட்கள் மூன்று தடவையும் வேலை செய்திருக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

ஜூலை 12 வேலையைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. ஸ்கேன் 4,000, இஞ்சினுக்குள் காற்று போகும் வாயான திரொட்டில் பொடியைக் கழுவ 7,500, நான்கு இரிடியம் பிளக் 22,000, கூலி 5,000, மொத்தம் 38,500. கார் 112,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. பிளக் எப்படியும் மாற்ற வேண்டிய காலம்தான். திரொட்டில் வாயில் கரி பிடித்திருந்ததையும் கண்ணால் பார்த்தேன். தயக்கம் இரண்டு நாள் குறைந்தது போல இருந்தது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. போன் எடுத்துச் சொன்னபோது, "சேர், 92 அடிக்கிறீங்களா? 95 அடிச்சுப் பாருங்க" என்றார்கள். அடித்தேன். பர்ஸ் மட்டும்தான் இளைத்தது. இந்த இஞ்சின் ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கென்று செய்தது. அங்கே சாதாரண பெற்றோலின் ஒக்டேன் 90 அளவுதான். 92 அதற்குத் தாராளம். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டி வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓகஸ்ட் 2ஆம் திகதி "கொயில் வீக்" என்றார்கள். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாமான் அது, சிலிண்டருக்கு ஒன்று. நான்கு கொயிலும் புதிது, ஒன்று 15,500 வீதம் 62,000. ஸ்கேன், கூலியோடு 70,500. எந்தக் கொயில் வீக் என்று கேட்டேன். "நாலையும் மாத்தினாத்தான் சேர் நல்லம்" என்பது பதில். ஒரு கொயிலில் சந்தேகம் என்றால் அதைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போட்டு, மிஸ் அடிப்பது (சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் தவறுவது) அங்கே போகிறதா என்று பார்க்கலாம். பத்து நிமிட வேலை, ஒரு சதமும் செலவில்லை. அதை யாரும் செய்யவில்லை. உங்கள் ஸ்கேன் தாளில் மிஸ் அடிப்பதைக் காட்டும் பி 0300 வரிசைக் கோட் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க எதைக் கண்டு கொயிலில் கை வைத்தீர்கள்? கழற்றிய பழைய கொயில்களைக் கேட்டேன், "டிஸ்போஸ் பண்ணிட்டம்" என்றார்கள். காசு கொடுத்தவனுடைய சாமான் அது.

கொயில் மாற்றிய பிறகும் ஆடிவேல் நெரிசலில் காலி வீதியில் ஊர்ந்தபோது கார் மூச்சுக்கு மூச்சு திணறியது. அதே மாதம் போயா லீவுக்குக் குடும்பத்தோடு காலிக்குப் போனோம். கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறியதிலிருந்து பின்னதுவையில் இறங்கும்வரை மணிக்கு 100 கிலோமீற்றரில் வெண்ணெய் மாதிரி ஓடியது. இறங்கிக் காலி நகரத்துக்குள் நுழைந்ததும் மறுபடி திணறல். திங்கட்கிழமை இதையும் போனில் சொன்னேன். "ஹைவேயில நல்லா ஓடுதுன்னா பெரிய பிரச்சினை இல்ல சேர்" என்றார்கள்.

பெரிய பிரச்சினையா இல்லையா என்பதற்கு இதையும் கேளுங்கள். ஓகஸ்ட் கடைசியில் ஒரு மாலை, டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தைப் பக்கம் காலி வீதியை வெட்டி வலது திரும்பக் காத்திருந்தேன். பின் சீட்டில் மாமியும் என் மகளும். இடைவெளி கிடைத்தது, மிதித்தேன். கார் பாதி வீதிக்கு வந்து யோசித்தது. எதிரே 100ஆம் இலக்க பஸ். அந்த ட்ரைவர் பிரேக் அடித்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, ஆனால் அவர் மீது எனக்குக் கோபமில்லை. மாமி அன்றிலிருந்து வைத்தியரிடம் போவதென்றாலும் ஓட்டோவில்தான் போகிறார்.

செப்டெம்பர் 6. அதற்குள் செக் இஞ்சின் லைட்டும் எரியத் தொடங்கியிருந்தது. ஸ்கேனில் பி 0171 வந்தது, அதாவது கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு. பெற்றோல் குறைவு என்றதும் பெற்றோல் பம்பை மாற்றிவிட்டீர்கள். பம்ப் 54,000, கூலி 9,000, மூன்றாம் தடவையாக ஸ்கேன் 4,000, மொத்தம் 67,000. மாற்றுவதற்கு முன் ஓர் அமுக்கமானியைப் பொருத்திப் பெற்றோல் அமுக்கம் எவ்வளவு என்று பார்த்தீர்களா? பில்லிலும் இல்லை, ஜொப் கார்டிலும் இல்லை. பம்ப் பலவீனம் என்றால் கார் எங்கே திணற வேண்டும்? அதிகம் பெற்றோல் கேட்கும் அதிவேகப் பாதையிலும் ஏற்றத்திலும். என் கார் அங்கேதான் சந்தோஷமாக ஓடியது! பம்ப் மாற்றி நான்காம் நாள் திரும்பவும் லைட் எரிந்தது. போன் எடுத்தேன். இந்தத் தடவை கியர் பெட்டியில் சந்தேகம், உத்தேச மதிப்பு 240,000 ரூபா என்றார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

என் கூட வேலை செய்பவர் ஒருவர் தெமட்டகொடையில் ஒரு நானாவின் கராஜுக்கு அனுப்பினார். தகரக் கூரை, ஒரே நேரத்தில் இரண்டு கார் நிற்கும் இடம். நானா பொனட்டைத் திறக்கவில்லை. முதலில் கேட்டார், "தம்பி, ஓடக்குள்ள நல்லம், நிக்கிற நேரம்தானே கரச்சல்?" ஆமென்றேன். "ஏசி போட்டா கூடுதா?" ஆமென்றேன். "அப்ப எங்கயோ காத்து இழுக்குது." உங்களிடம் மூன்று தடவை சொன்னதை அவர் என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஒரு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை இஞ்சின் காற்று இழுக்கும் இன்டேக் பக்கம் ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோனார், வைத்தியர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது போல. ஓரிடத்தில் நிறுத்தி என் காதிலும் வைத்தார். ஸ்ஸ் என்று சீறியது. வால்வு கவரிலிருந்து இன்டேக் மெனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸ் (இஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிய அனுப்பும் குழாய்), வளைவின் அடிப்பக்கம் கீறிக் கிடந்தது, மேலிருந்து பார்த்தால் தெரியாது. குறட்டால் அந்த ஹோஸை நசுக்கிப் பிடித்தார். நடுக்கம் அடங்கியது. விட்டார், நடுங்கியது. மறுபடி பிடித்தார், அடங்கியது. மூன்று மாதமாக நான் தேடிய பதில் அது. ஹோஸ் 2,800, அவருடைய கூலி 2,000.

நான் வாகனம் தெரிந்தவன் இல்லை. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். நானா விளக்கியபோது அது எனக்குக் கணக்காகத்தான் விளங்கியது. முன் வாசலில் ஏர் புளோ சென்சர் உட்கார்ந்து, உள்ளே போகும் காற்றைப் பதிகிறது. அந்தப் பதிவைப் பார்த்துத்தான் கம்பியூட்டர் பெற்றோல் அளக்கிறது, நிறைப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. கீறல் வழியே பின்கதவால் வரும் காற்று புத்தகத்தில் ஏறுவதில்லை. கடைசியில் புகைக் குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சர் இருப்பெடுத்துப் பார்த்து, கணக்கு உதைக்கிறது என்று சொல்ல, கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. நின்ற இடத்தில் இஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், ஆகவே பின்கதவுக் காற்று அதில் பெரிய பங்கு. அந்த நேரம் பார்த்துத் திடீரென்று மிதித்தால் திருத்தக் கணக்கு பிந்திப்போகும், கார் யோசிக்கும். அதிவேகப் பாதையில் இழுக்கும் காற்று பல மடங்கு, கீறலால் வருவது அதில் கரைந்துவிடும்.

இனி எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம். வீட்டுக்கு வந்து உங்கள் மூன்று ஸ்கேன் தாளையும் மேசையில் விரித்தேன். அந்தத் திருத்தக் கணக்கு உங்கள் தாளிலேயே அச்சாகியிருக்கிறது, லோங் டேர்ம் ஃபியூவல் ட்ரிம் என்று. ஜூலையில் நின்ற நிலையில் கூட்டல் 17 சதவீதம், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் (ஆர்பிஎம்) 5. செப்டெம்பரில் நின்ற நிலையில் 29, 2,500இல் 7. நிற்கும்போது அதிகம், வேகம் கூடக் குறைகிறது என்றால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். பம்ப் பலவீனம் என்றால் இது தலைகீழாக, வேகமும் பாரமும் கூடக் கூட ஏற வேண்டும். நானாவிடம் தாளைக் காட்டினேன், அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இதுலயே எழுதிக் கெடக்குதே" என்றார். மூன்று தடவை 4,000 வாங்கிப் பதிலை அச்சடித்துத் தந்துவிட்டு, அதை வாசிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஹோஸ் மாற்றிய பிறகு நின்ற நிலையில் 3. லைட் இன்றுவரை எரியவில்லை.

ஹோஸை நீங்கள் கிழித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. 17 வருடம் இஞ்சின் சூட்டில் கிடந்த றப்பர், தானாகவே வெடித்திருக்கும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. எங்களைப் போன்றவர்கள் பழைய காரையே பொத்திப் பொத்தி ஓட்டினோம், உங்கள் வாசலிலும் பழைய கார்கள்தான் நிற்கின்றன. அந்த வயதுக் காரில் முதலில் பார்க்க வேண்டியதே றப்பர் சாமான்கள் அல்லவா? பிளக்கும் கொயிலும் மாற்றும்போது உங்கள் ஆட்களின் கை இரண்டு தடவை அதே வால்வு கவருக்கு மேலே போயிருக்கிறது.

நான் கேட்பது இதுதான். ஜூலை பில்லை விட்டுவிடுகிறேன். ஓகஸ்ட் 2, செப்டெம்பர் 6 ஆகிய இரண்டு பில்களின் தொகை 70,500, 67,000, சேர்த்து 137,500 ரூபாவைத் திருப்பித் தர வேண்டும். புதுக் கொயிலையும் பம்பையும் கழற்றி எடுத்துக்கொள்வதென்றால் எடுங்கள், ஆனால் அப்படியானால் என் பழைய கொயில்களும் பம்பும் எனக்கு வேண்டும், காரைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது, இலவச சேர்விஸ் கூப்பன் இவையெல்லாம் வேண்டாம். அத்தோடு செப்டெம்பர் 6ஆம் திகதி பம்ப்தான் பழுது என்று எதை அளந்து முடிவெடுத்தீர்கள் என்பதை, வேலை செய்த மெக்கானிக்கின் குறிப்போடு எழுத்தில் தாருங்கள். அந்தத் தம்பியைத் தண்டிக்க வேண்டாம். வாடிக்கையாளர் சொல்வதை எழுத ஜொப் கார்டில் இன்னும் நாலு வரி இடம் விட்டுக் கொடுங்கள்.

கிழிந்த ஹோஸைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். நானா ஹோஸை நசுக்கிக் காட்டியதைப் போனில் வீடியோவும் எடுத்தேன். மூன்று பில், மூன்று ஸ்கேன் தாள், நானாவின் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். மூலப் பிரதிகளைப் பார்க்க வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து காட்டுவேன், கையில் தர மாட்டேன்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். ஓகஸ்ட் பில்லுக்கு அந்தக் காலம் நவம்பர் 2ஆம் திகதி முடிகிறது. ஆகவே உங்களுக்கு ஒக்டோபர் 28 வரை, இரண்டு கிழமை தருகிறேன். மறுநாள் காலை இதே கடிதத்தின் பிரதி அங்கே போகும். முறைப்பாட்டுப் படிவத்தை ஏற்கெனவே நிரப்பிவிட்டேன், திகதி மட்டும் போட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர்
(பெயர், வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் இணைத்துள்ள பில்களில் உள்ளன)